மேற்குச் சுவரில் பூத்த பூசணம்

ஒரு சுவரோடு சண்டை போடுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் புனேயில் வாகட் பக்கம் குடியிருந்த முதல் மூன்று மழைக்காலமும் காலையில் எழுந்ததும் நான் திட்டியது படுக்கையறையின் மேற்குச் சுவரைத்தான். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. கணவருக்கு ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை என்று சென்னையிலிருந்து வந்திருந்தோம். அங்கே மழை பெய்யும், நின்றுவிடும். புனேயிலோ ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது.

முதல் வருடமே பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். மகளுக்கு அப்போது மூன்று வயது. ஜூலையில் அவளுக்கு இழுப்பு வந்தது. ஈரக்காற்று பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று கேட்டுத்தான் நாங்களெல்லாம் வளர்ந்தோம். ஜன்னல்களை மூடி, இடுக்கில் பிளாஸ்டிக் டேப்பும் ஒட்டினேன். துவைத்த துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டேன். ஈர நாற்றம் போகட்டும் என்று சாயங்காலமானால் சாம்பிராணி வேறு.

கணவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெயிண்ட். தீபாவளிக்கு அடிப்பார், அடுத்த ஜூலையில் பெயிண்ட்டைத் துளைத்துக்கொண்டு பூசணம் எட்டிப்பார்க்கும். ஒருநாள் வெறி பிடித்து நான் துடைப்பத்தால் வறட் வறட்டென்று தேய்த்தேன். தூள் அறையெல்லாம் பறந்தது, மகள் இரண்டு நாள் இருமினாள். இன்னொரு நாள் அவர் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியிலேயே பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் ஊற்றப் போனார். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு என்று கத்தி பாட்டிலைப் பிடுங்கினேன். சுவரைச் சுத்தம் பண்ணச் சொன்னால் எங்களையே சுத்தமாக்கியிருப்பார். குடியிருப்புச் செயலாளரோ, பாரிஷ், அதாவது மழை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது வருடம் இழுப்பு முற்றி மகளால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து ஊருக்குள் கேம்ப் பகுதியில் ஒரு மராட்டி டாக்டரம்மாவிடம் ஓடினோம். மூக்கில் மருந்துப் புகை வைத்து மூச்சு சீரானதும், வீடு எப்படி என்று கேட்டார். எனக்கு அது போதாதா? சுவர், பெயிண்ட், கணவர், செயலாளர் என்று எல்லாரையும் கொட்டித் தீர்த்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, ஜன்னலை எப்போது திறப்பீர்கள் என்றார். ஜூனில் மூடினால் செப்டம்பர்வரை திறக்கவே மாட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஈரத்துணி, சமையல் ஆவி, எங்கள் மூச்சு எல்லாம் வெளியே போக வழியில்லாமல் அந்தச் சுவரில்தான் படிகிறது என்றார். சாம்பிராணிப் புகை இவளுக்கு ஆகவே ஆகாது. சுவரைத் துடைக்கும்போது குழந்தையை வேறு வீட்டுக்கு அனுப்பு, நல்ல மாஸ்க் போட்டுக்கொள், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடை, அந்தத் துணியைக் கட்டி எறி, சுவர் நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடிக்காதே. பீரோவை ஒரு சாண் தள்ளி வை. மழை விடும்போதெல்லாம் ஜன்னலைத் திற.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே ஆத்திரம். மூன்று வருடம் ஊரையே திட்டியிருக்கிறேன், காரியத்தைக் கெடுத்தவள் நான். மறுநாள் மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, கணவரும் நானும் டாக்டரம்மா சொன்னபடியே துடைத்தோம். டேப்பைப் பிய்த்து ஜன்னலை விரியத் திறந்தேன். சாயங்காலம் சுவர் காய்ந்த பிறகு மகளைக் கூட்டிவந்தேன். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கன்னத்தை உப்பி மூச்சை அடக்கிக்கொண்டு, ஜன்னலை மூடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"காத்துல ஒண்ணும் இல்லடி, மூச்சு விடு" என்றேன்.

"வெளிக்காத்து வந்தா எனக்கு இழுக்கும்னு நீதானம்மா சொன்ன" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.