ஆமைக்குக் காட்டாத வெயில்

உத்திரமேரூர் கடைத்தெருவில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தாது உப்பு, கேனில் வரும் கால்சியம் டானிக் எல்லாம் உண்டு. கன்று போட்ட மாடு படுத்தது எழுந்திருக்கவில்லை என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால், டாக்டர் வருவதற்குள் நானே பாதி டாக்டராகிவிடுவேன். சுண்ணாம்புச் சத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. உள்ளங்கை அகலத்து ஆமை ஒன்று அதை அடக்கிவிட்டுப் போனது.

ஆமை என் தங்கையுடையது. சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தபோது, அறைத்தோழி வெளிநாடு போகும் அவசரத்தில் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனது. வண்ணமீன் கடைகளில் விற்கிற, காதருகே சிவப்புக் கோடு போட்ட ஜாதி. பிறகு தங்கைக்கு ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பைகளும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியுமாக வீடு வந்து சேர்ந்தாள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஜப்தி செய்ய அமீனா இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஆமை வந்துவிட்டது.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் வேப்பமர நிழல் விலகுகிற இடத்தில் தொட்டி இருந்தது. நடுவில் ஒரு செங்கல். காலையில் ஆமை அதன் மேல் ஏறி, நாலு காலையும் நீட்டி, பண்ணையார் மாதிரி வெயில் காயும். தங்கை அதற்கு முருங்கைக்கீரையும் தீனி உருண்டையும் போடுவாள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி வந்து தண்ணீரில் மிதக்கவிடுவாள். அது கணவாய் மீனின் ஓடு, முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. ஆமை அதைக் கரகரவென்று கொறிக்கும். முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் பொடியாக்கித் தீனியில் தூவுவதும் உண்டு. அந்த ஜாரில் இனி சட்னி அரைக்க மாட்டேன் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டியவன் நான். அவளுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. புள்ளலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு வரன், பெண்ணைப் பார்த்து, கேசரி சாப்பிட்டு, ஜாதகம் சரியில்லை என்று நாலு நாள் கழித்துச் சொல்லி அனுப்பியது. ஜாதகம் பார்த்த பிறகுதானே பெண்ணையே பார்க்க வந்தார்கள்? தரகர் கடைக்கு வந்து உட்கார்ந்து, புகையிலையைத் துப்பிவிட்டுக் காரணத்தைச் சொன்னார்.

"வாசல்லயே ஆமைய வெச்சிக்கினு பொண்ணுக்கு வரன் தேடறியே, இன்னாப்பா நீ?"

எனக்கு அந்தப் பழமொழியில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவர்கள் மேல் பயம் இருந்தது. அன்றைக்கே தொட்டியைத் தூக்கிப் பின்கட்டுக் குளியலறையில் வைத்துவிட்டேன். தங்கை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு அவள் போய்விடுகிறாள், திரும்ப இருட்டிவிடுகிறது. கடை திறக்கப் போகுமுன் நான் தினமும் ஒரு மணி நேரம் ஆமையை மொட்டை மாடியில் வெயிலில் வைக்க வேண்டும்.

"கால்சியம் துன்னா மட்டும் ஒடம்புல ஒட்டாதுண்ணா. வெயில் பட்டாத்தான் ஒட்டும்" என்றாள். சரி என்றேன்.

ஐந்து நாள் செய்தேன். ஆறாம் நாள், பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட வந்த அம்மாள் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, அது என்ன என்று கேட்டார். தெருவுக்குத் தெரிந்தால் தரகருக்குத் தெரியும், தரகருக்குத் தெரிந்தால் ஜில்லாவுக்கே தெரியும். ஒன்றுமில்லை என்று சொல்லித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு ஏற்றவேயில்லை.

சாயங்காலம் வந்ததும் தங்கை கேட்பாள்: "வெச்சியாண்ணா?" வைத்தேன் என்பேன். மறுநாளும் கேட்பாள். வைத்தேன் என்பேன். முதல் வாரம் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறகு வாய்க்குப் பழகிவிட்டது.

சும்மா ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். வெயிலுக்குப் பதிலாகக் கால்சியத்தைக் கூட்டினேன். கடல்நுரை ஒன்றுக்கு இரண்டாக மிதந்தது. முட்டை ஓட்டுப் பொடியைத் தீனி வெளுக்கும் அளவுக்குத் தூவினேன். மாட்டுக்காரர்களிடம், "வெறும் டானிக் ஊத்தினா போதாது, மாட்ட கொஞ்ச நேரம் வெயில்ல கட்டு" என்று ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் சொல்கிற வாய் இது. ஊருக்குத்தான் உபதேசம்.

இதற்குள் திருமுக்கூடலிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று குளியலறையைப் பூட்டி, குழாய் ரிப்பேர் என்று சொன்னேன். பெண்ணைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவே தங்கைக்கு அடிக்கடி போன் செய்து பேச ஆரம்பித்தார். பார்த்தாயா, ஆமையை ஒளித்தது வீண் போகவில்லை என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தொட்டி கழுவும்போது என்னைக் கூப்பிட்டாள். ஆமை பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. செங்கல் மேல் ஏறப் பார்த்துச் சறுக்கிச் சறுக்கி விழுந்தது. அவள் அதன் ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்திக் காட்டினாள். தண்ணீரில் ஊறிய அட்டை மாதிரி அமுங்கியது.

மாட்டு டாக்டரிடமே கொண்டுபோனோம், எனக்குப் பழக்கமானவர். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கடல்நுரையையும் முட்டை ஓட்டையும் நான் ஒப்பித்தேன். வெயிலில் வைப்பதுண்டா என்று கேட்டார். தங்கை முந்திக்கொண்டு, "அண்ணன் தெனம் ஒரு மணி நேரம் வெக்கறாரு சார்" என்றாள். டாக்டர் ஆமையைத் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார்.

"வெயில் பட்டிருந்தா ஓடு இப்டி ஆயிருக்காதும்மா" என்றார்.

பைக்கில் திரும்பும்போது தொட்டி அவள் மடியில் இருந்தது. தண்ணீர் அலம்பி என் முதுகு நனைந்தது. பாதி தூரம் வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தெனம் கேட்டேனேண்ணா."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது வரும். தண்ணீர் அலம்பாதபடி வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

மறுநாளிலிருந்து ஊரறிய மாடியில் வைத்தேன். டாக்டர் தந்த சொட்டு மருந்தையும் விட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் மறுபடியும் தலையை நீட்டினார். ஆமை, உடம்பு சரியில்லை என்றேன். அடப்பாவமே என்று அவர் வீட்டு முருங்கைக்கீரையில் ஒரு பிடி உருவித் தந்தார். அவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் மாதக்கணக்கில் பயந்திருக்கிறேன். கீரையை ஆமை திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் செங்கல்லுக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. தங்கை அதைத் தன் பழைய துப்பட்டாவில் சுற்றினாள். கிணற்றடியில் நான்தான் குழி தோண்டினேன்.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத் தேதி பேச வந்தார்கள். பூ, பழம், வெற்றிலை பாக்கெல்லாம் தட்டில் வைத்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். உள்ளே வெள்ளைப் பொடி.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்காதுல சொன்னியேம்மா, ஆமைக்கு முட்ட ஓடு போடுவோம்னு. ரெண்டு மாசமா சேத்து வெச்சி இடிச்சிக்கினு வந்தேன். எங்க கீது அது?"

அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கும் தெரிந்திருக்கிறது.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. "செத்துப்போச்சு அத்தே. வெயில் பத்தல. நான்தான் சரியா பாத்துக்கல" என்றாள்.

இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சபையில் பத்துப் பேர் இருந்தார்கள். பெண்ணின் அண்ணன் என்ற மரியாதையோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் பாட்டிலை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த மாதத்தில் தேதி வைக்கலாம் என்று கேட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தங்கை இப்போது திருமுக்கூடலில் சந்தோஷமாக இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்து, சாப்பாடு, கடை, முட்டிவலி எல்லாம் விசாரிப்பாள். இங்கே ஏதாவது வேலை ஆக வேண்டுமென்றால் என்னிடம்தான் சொல்வாள், அதில் குறை வைப்பதில்லை. ஆனால் செய்தாயா என்று என்னிடம் கேட்பதில்லை. அதை என் மனைவியிடம் கேட்டுக்கொள்கிறாள்.