வலது பக்கத்துக் குழந்தை

வயிற்றில் இரண்டு குழந்தைகள் என்று ஸ்கேனில் தெரிந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா ஒன்றைத் தனக்குக் கேட்டார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மகன் ஒன்பதாவதும் மகள் ஆறாவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. குழாயடியில் ஆள் குறைந்த பிறகுதான் தண்ணீருக்குப் போவேன்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அக்கா தேவனூர் நாட்டிலிருந்து எங்கள் ஆலத்தூர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பதினாறு வருடமாகக் குழந்தை இல்லை. அவருடைய மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்திருந்தது ஊருக்கே தெரியும்.

இருவரும் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“ரெண்டையும் வெச்சு என்ன கண்ணு பண்ணப் போற? ஒண்ண எனக்குக் குடுத்துரு. பால் மட்டும் நீ குடு, பீத்துணி பூரா நான் தொவைக்கிறேன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஊட்டுல ஒரு கொழந்த கெடந்தா அந்தப் பேச்சு நின்னுரும்” என்றார்.

தலையை ஆட்டினேன். இல்லை என்று சொல்ல எனக்கு என்றைக்குமே வராது. ஆனாலும் அன்று மனசாரத்தான் ஆட்டினேன். என் வீட்டுக்காரரும், “பக்கத்து ஊடுதான, வளரட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாம் மாதம் அசைவு தெரிந்தது. அக்கா தினமும் காலையில் காட்டு வேலைக்குப் போகும் முன் வந்து என் வயிற்றில் கை வைப்பார். வலது பக்கம்தான் அதிகம் உதைக்கும்.

“இந்த எத்து எத்தறது எனக்கு. அந்தப் பக்கத்துத் தூங்குமூஞ்சிய நீயே வெச்சுக்க” என்பார்.

ஆறாம் மாதக் கடைசியில் மலையிறங்கி ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா கருவியை இடது பக்கத்திலேயே வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டார்.

“இடது பக்கக் குழந்தைக்குத் துடிப்பு இல்லைம்மா. வலது பக்கம் நல்லா இருக்கு. ரெண்டும் தனித்தனிப் பையில இருக்கறதால இப்ப ஒண்ணும் எடுக்க வேண்டாம். இருக்கறது வளரட்டும். போனது உள்ளேயேதான் இருக்கும். பிரஷர் ஏறுது, அதையும் பாக்கணும்.”

பஸ்ஸில் வலது பக்கத்தைக் கையால் பிடித்தபடி வந்தேன். இடது பக்கம் கை போகவில்லை.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். “ரெண்டும் நல்லா இருக்குதா?”

“இருக்குதுங்க அக்கா.”

உள்ளே வந்ததும் வீட்டுக்காரர் திட்டினார். “சொல்லிப் போட வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?”

“நாளைக்குச் சொல்றேங்க.”

நாளை நாளை என்று ஏழு வாரம் போனது. அவரும் சொல்லவில்லை. அக்கா வந்து வலது பக்கம் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றும். மிஞ்சியது ஒன்று. அதன்மேல்தான் அவர் கை இருந்தது.

எட்டாம் மாதம் கால் வீங்கி மெட்டி விரலில் பதிந்துவிட்டது. தலைவலி தாங்கவில்லை, கண்முன் பூச்சி பறந்தது. அன்று காலையும் அக்கா வந்து, எத்துவதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு வந்த கிராமத்து நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

ஆபரேஷன் செய்து இரண்டையும் எடுத்தார்கள். எடுத்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். போன குழந்தையை நான் பார்க்கவில்லை. உயிரோடிருந்த பெண் குழந்தை ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

நான்காம் நாள் அக்கா பஸ் ஏறி வந்தார். ஒன்று முன்பே வயிற்றுக்குள் போய்விட்டது என்று வார்டு வாசலிலேயே என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போனது எது கண்ணு?”

எனக்கு எப்போதும் வார்த்தை வர நேரமாகும். அன்று ஆகவில்லை.

“வலது பக்கத்ததுங்க அக்கா. உங்களுது.”

ஆம்புலன்ஸ் ஏறிய நாள் காலையில் அது உதைத்ததை அவர் கை அறியும். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. என் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்தார்.

“சரி சாமி. ஒடம்பப் பாத்துக்க” என்று எழுந்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் போகவில்லை.

இருப்பது ஒன்றுதான், தர முடியாதுங்க அக்கா என்று சொல்லியிருந்தால் போதும். ஒன்றே மிஞ்சியபின் அவர் கேட்டிருக்கவும் மாட்டார். பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு அதில் ஆறுதல் இல்லை.

குழந்தை பிழைத்தது. ஒரு காது கேட்காது, நடக்கவும் வெகுநாள் ஆனது. அதற்குள் அடுத்த வீட்டில் இரண்டாவது கல்யாணம் நடந்து முடிந்தது. அக்காவின் அண்ணன் வந்து அவரைத் தேவனூர் நாட்டுக்கே கூட்டிப் போனார். அன்று அவர் என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பஸ் புறப்பட்டு வளைவு திரும்பும் சத்தம் வரை உட்கார்ந்தே இருந்தேன்.