ஒன்பது கட்டைகள்

பள்ளிப் பிள்ளைகளின் புத்தியைச் சோதிக்கும் மேல்படிப்புக்காக மகள் வாங்கிவந்த மரக்கட்டைகள் மேசையில் உருண்டன. அதே சத்தம்.

யுத்த காலம். தூத்துக்குடியில் எங்கள் பள்ளிக்கு அப்படியொரு கட்டைப் பெட்டியோடு மதராசிலிருந்து பயிற்சி மாணவி ஒருத்தி வந்திருந்தாள்.

"சண்டைக்குன்னு நம்ம மீன்பிடி வள்ளத்தப் பிடிச்சிட்டுப் போக, சர்க்காருக்கு உளவு பாக்க வந்திருக்கா. ஏளா, எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு," என்றாள் அம்மா, கருவாட்டைப் புரட்டியபடி.

"வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாள் மதராஸ்காரி.

"தெரியாது."

"அப்பாவுக்கு என்ன வேலை?"

"தெரியாது."

கட்டைகளை எண்ணச் சொன்னாள். ஒன்பது என்று பார்த்ததுமே தெரிந்தது. தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள். மந்தபுத்தியாம். மறுவருஷமும் அதே வகுப்பில் உட்கார்ந்தேன்.

"அம்மா, இதுல எத்தனை கட்டை இருக்கு, சொல்லுங்க," என்றாள் மகள், பென்சிலை எடுத்துக்கொண்டு.

"முதல்ல அந்த நோட்ட என் பக்கம் திருப்பி வை. அப்புறம் சொல்லுதேன்."