தாய்மாமன் கேமராவுக்கு ஒரு பழைய லென்ஸ்: பெரம்பலூர், அரியலூர், லப்பைக்குடிக்காடு

2026 ஜனவரி 18, ஞாயிறு, காலை 6.10. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். பையில் ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா ஒன்று, லென்ஸ் பூஜ்யம்.

போன வருடம் அக்காவின் வளைகாப்பில் முப்பத்தாறு படம் எடுத்தேன். முப்பத்தாறும் மங்கல். ஆன்லைனில் மலிவாக வாங்கிய 39 மி.மீ. மரை லென்ஸ் கேமராவில் அழகாகத் திருகி உட்கார்ந்தது. மரை பொருந்தினால் லென்ஸ் பொருந்தும் என்று, மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த நானே நம்பினேன். அது எஸ்எல்ஆர் என்ற வேறு வகைக் கேமராவுக்கான லென்ஸ். ஃபிலிமிலிருந்து இன்னும் 16 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியது. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, தனி ஜன்னல் வழியாக. அதனால் அங்கே எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும்.

"எல்லாரும் பேய் மாதிரி இருக்கோம்டா" என்றாள் அக்கா. அடுத்த ஞாயிறு அரும்பாவூரில் அவள் பெண்ணுக்குக் காதுகுத்து. நான்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தேன். இன்று மாலை ஐந்துக்குள் நல்ல லென்ஸ் கிடைக்காவிட்டால் ஸ்டூடியோக்காரரை வரச் சொல்லிவிடுவாளாம். ஃபோனிலேயே எடுக்கலாமே என்பவர்கள் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

பட்ஜெட் 7,000 ரூபாய். அரியலூர் 32 கி.மீ., 55 நிமிடம். முன்பே பேசி வைத்திருந்த ஸ்டூடியோக்காரர் 50 மி.மீ., எஃப்2 லென்ஸ் ஒன்றை மேஜையில் வைத்தார். 5,000. டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை.

"திருச்சி பார்ட்டி ஒருத்தரு பத்து மணிக்கு வர்றாரு. வேணும்னா இப்பவே சொல்லிடுங்க."

எனக்கு அவசரப்படுத்தினால் பிடிக்காது. லென்ஸைத் திருகி மாட்டி, கேமராவின் பின்கதவைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் இடத்தில் மங்கலான ஒட்டு டேப்பை ஒட்டி, ஷட்டரைத் திறந்தே நிறுத்தினேன். லென்ஸ் ஃபிலிமில் போடப்போகும் படம் அந்த டேப்பில் தெரியும்.

"என்ன சார், கேமராவுக்குப் பிளாஸ்திரியா?"

தூரத்துத் தண்ணீர்த் தொட்டி ஊசி முனை மாதிரி கூர்மையாக டேப்பில் விழுந்தது. அடுத்து தையல் டேப்பை நீளவாக்கில் விரித்து, ஜன்னல் வழியாகப் பார்த்து 100 செ.மீ. கோட்டில் ஃபோகஸ் வைத்தேன். ஒட்டு டேப்பில் தெளிவாக இருந்தது 108. யாரோ பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள்.

"முப்பது வருஷமா எடுக்குறேன், எனக்குத் தெரியாத ஃபோகஸா?" என்றார்.

"டேப்புக்குத் தெரியுதுங்க."

லென்ஸை உள்ளே வைத்துப் பூட்டினார்.

லப்பைக்குடிக்காட்டுக்கு நேர் பஸ் கிடைக்கவில்லை. திட்டக்குடி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். "சீகூர்ல எறங்கி ஆட்டோ புடிச்சுக்குங்க" என்றார் கண்டக்டர். போய்ச் சேர மணி 12.35.

ஜமால் பாய் ஷார்ஜாவில் வேலை பார்ப்பவர். அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கிய இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களை விற்கிறார். மறுநாள் அவருக்கு ஃபிளைட். ஒன்று 50 மி.மீ., எஃப்1.5. இன்னொன்று 35 மி.மீ., எஃப்2.8. எதை எடுத்தாலும் 6,500. இரண்டும் டேப் சோதனையில் தேறின. என் கை நேராக எஃப்1.5 பக்கம் போனது. பின்னணி கரைந்து, காதும் தோடும் மட்டும் தெளிவாக நிற்கும் படம் மனதில் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

"என்ன விசேஷம் தம்பி?"

"அக்கா பொண்ணுக்குக் காதுகுத்துங்க."

"மாஷா அல்லாஹ். அப்ப புள்ளைய மடியில வச்சுக்குறது நீங்கதான?"

"ஆமாங்க, தாய்மாமன்."

"அப்ப கேமராப் பொட்டிய யாரு புடிப்பா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "இவுக ஊருல மாமனுக்கு நாலு கை போல" என்றார்.

ஒரு வாரமாக லென்ஸ் பற்றிப் படித்தவனுக்கு இது தோன்றவில்லை. எடுக்கக்கூடிய ஒரே ஆள் அக்கா வீட்டுக்காரர். எஃப்1.5-ஐ முழுதாகத் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் முன்னும் பின்னும் நாலு செ.மீ.தான் தெளிவு. பிள்ளை தலையை ஆட்டினால் போச்சு. 35-இன் துளையை எஃப்8-க்குச் சுருக்கி, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால், இரண்டிலிருந்து ஏழு மீட்டர் வரை யார் அமுக்கினாலும் தெளிவாக விழும்.

35-ஐ வாங்கிக்கொண்டு 2.50க்கு அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"நானும் யோசிக்கலடா. ஆனா உங்க மச்சான் எடுத்தா தலையே இருக்காது."

"ஜன்னல் காட்டுறது அம்பது மி.மீ. லென்ஸு அளவுக்குத்தான். இந்த லென்ஸு அதவிட அகலமாப் பாக்கும். தல வந்துரும்."

"சரி, ஸ்டூடியோவ வேணாங்குறேன். இதுலயும் பேயா வந்துச்சு, அடுத்த புள்ளைக்கு வேற தாய்மாமனப் பாத்துக்குறேன்."

வாங்கப் போகிறவர்களுக்கு: மரை பொருந்துவதை நம்பாதீர்கள். கிட்டத்திலும் தூரத்திலும் டேப் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, அந்த நேரத்தில் கேமரா யார் கையில் இருக்கும் என்று முதலில் யோசியுங்கள். நான் கடைசியில் யோசித்தேன்.

இனி செய்யப்போவது:

1. நாளை திருச்சியில் 400 வேக ஃபிலிம் இரண்டு வாங்குவது.
2. புதனுக்குள் ஒன்றை எடுத்து, கழுவிப் பார்ப்பது.
3. எஃப்8, மூன்று மீட்டர்: லென்ஸின் இரண்டு வளையத்தையும் இன்சுலேஷன் டேப் சுற்றி அசையாமல் ஒட்டுவது.
4. சனிக்கிழமை மச்சானுக்குப் பாடம்: மூடியைக் கழற்று, நாலு எட்டுத் தள்ளி நில், ஃபிலிமைச் சுற்று, அமுக்கு.
5. ஞாயிறு, கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வது. அவர் எப்படிப் பிடித்தாலும் வாயைத் திறக்காமல், அவள் தலையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது.