தலவிலவுக்குக் கிளம்பாத வான்

பழுது பார்ப்பதற்கு முன்பு என் வானின் ஸ்டார்ட்டர் சுற்றாது. ஆனால் தள்ளிவிட்டால் வான் ஓடும். பழுது பார்த்த பிறகு ஸ்டார்ட்டர் அழகாகச் சுற்றியது. வான் மட்டும் ஓடவில்லை. தலவில திருவிழாவுக்குப் புறப்பட வேண்டிய காலையில், சாவியைத் திருகித் திருகி இந்த முன்னேற்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாம்புரியிலிருந்து தலவில ஒன்றும் தூர தேசமல்ல. பஸ்ஸில் போய்ப் பூசை கண்டு, பகல் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். என் மனைவியின் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கோயில் வளவில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் எடுத்து, பாயும் சட்டியும் பானையுமாகக் குடியேறி, திருநாள் முடியும்வரை அங்கேயே சமைத்துப் படுத்தெழும்பினால்தான் புனித அன்னம்மாளைப் பார்த்ததாக அர்த்தம். கலியாணமான காலம் முதல் நானும் அந்த ஓலை வாடியில், மைத்துனரின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தே பக்தியில் வளர்ந்தவன்.

இந்த வருடம் அதற்கு முடிவு கட்டியிருந்தேன். பழைய பெட்ரோல் வான் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி, பலகைக் கட்டில், காஸ் அடுப்பு, யன்னல் சீலை எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கினேன். அந்த வீறாப்பில் மைத்துனரிடம், "எங்களுக்கு வாடி வேணாம். நாங்க வீட்டோடயே வாறம்" என்று சொல்லியும்விட்டேன். அவர் எங்கள் பங்கைச் சிலாபத்துச் சம்பந்திகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே வான் கிளம்பாவிட்டால், பிறந்ததிலிருந்து ஒரு வருடமும் தவறாமல் அந்த வளவில் படுத்த என் மனைவிக்கு இம்முறை தலைவைக்க இடமில்லை. எஞ்சினுக்கு என்ன கெடுதி செய்தாய் என்று விடிந்ததிலிருந்து அவள் உட்பட எல்லோரையும் கேட்டுவிட்டேன். அவளோ வாசற்படியில் இருந்து கருவாட்டைப் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் நாள் பின்னேரம் ஸ்டார்ட்டரைப் பூட்டிவிட்டுப் போன மெக்கானிக் நுரைச்சோலைக்காரர். முஸ்லிம்; ஊரில் எல்லோருக்கும் அவர் நானா. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே தீர்ப்போடு வந்தார்.

"சேர், என்ட வேலையில பிழை ஈக்காது. நேத்து உங்கட முன்னுக்குத்தானே ஓட்டிக் காட்டினேன்?"

காட்டினார்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

அந்த வானில் எஞ்சின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். நானா சீட்டைத் தூக்கிவிட்டு பெட்டரியைப் பார்த்தார், பெட்ரோல் வருகிறதா என்று மோந்து பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை. நான் பக்கத்தில் நின்று, கைபேசியில் இறக்கி வைத்திருந்த வான் கையேட்டிலிருந்து பொருத்தமான பந்திகளை வாசித்துக் கொடுத்தேன். அந்த வானை ஓட்டிய தூரத்தைவிட அதைப் பற்றி வாசித்த தூரம் அதிகம்.

"சேர், போன்ல சார்ஜ் ஈக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அப்ப அதில ஒருக்கா பஸ்ஸுக்கு நேரம் பாருங்க."

அதே போனில் மைத்துனர் வந்தார். "என்ன மச்சான், வீடு இன்னும் வளவுக்குள்ளதான் நிக்குதா?" பின்னால் சம்பந்திகள் சிரிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

இதற்கிடையில் நானா, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லுங்க சேர். வானைக் கடல்ல எறக்கினீங்களா?"

"இல்ல."

"களப்புத் தண்ணியில?"

கணுக்கால் நனையுமென்று கரையிலேயே செருப்போடு நிற்கிறவன் நான். பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசற்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அது கடல் தண்ணி இல்ல நானா. தீர்த்தம். நேத்து நீங்க போன பிறகு நான்தான் ஊத்தினேன். மந்திரிச்ச உப்பும் கரைச்சு."

அவள் மீன்பிடிக் குடும்பம். மீன்பிடிப் போட்டின் எஞ்சின் பழுது பார்த்து வந்தால், அவள் அப்பா இப்படித்தான் ஊற்றி எடுத்துக் கடலுக்கு அனுப்புவாராம். அந்த எஞ்சின்கள் ஒருநாளும் நின்றதில்லையாம். அவை பிறந்ததிலிருந்தே உப்புத் தண்ணீரில் குளிப்பவை என்பதை நான் சொல்லவில்லை.

"தெளிக்கிறதுதானே வழக்கம்?" என்று மட்டும் கேட்டேன்.

"பழைய வான்தானே. தெளிச்சாக் காணாதெண்டு ஊத்தினேன்."

"அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"எஞ்சினுக்கு என்ன கெடுதி செய்தாய் எண்டுதானே எல்லாரையும் கேட்டீங்க? நான் நல்லதுதானே செய்தேன்."

துடைக்கத் துணியை எடுத்த நானாவின் கை அந்தரத்தில் நின்றது.

"துடைக்கலாமா தங்கச்சி? உங்கட முறையில குத்தம் ஒண்டும் இல்லையே?"

மனைவி யோசித்தாள். "துடைங்க நானா. ஆனா துடைச்ச துணியைக் கண்ட இடத்தில போட்டு மிதிக்கக் கூடாது. எரிக்கோணும், இல்லாட்டிப் புதைக்கோணும்."

நானா தன் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "சேர், உங்கட லேஞ்சியத் தாங்க."

கொடுத்தேன். அந்தக் கைக்குட்டையால் மூடியையும் வயர்களையும் உள்ளும் புறமும் துடைத்து, ஒயிலும் தீர்த்தமுமாகத் திருப்பித் தந்தார். மண்வெட்டியோடு தென்னைக்கு அடியில் குந்தி அதை நான் அடக்கம் செய்துகொண்டிருந்தபோது, முற்றத்தில் வான் உறுமியது. வாழ்க்கையில் நான் காத்திருந்த அந்தச் சத்தத்தை முதுகால்தான் கேட்டேன்.

"பார்த்தீங்களா? ஊத்தினபடியாலதான் பெரிய பழுது ஒண்டும் வரேல்ல" என்றாள் மனைவி.

நானா தலையாட்டினார். "அது சரிதான் தங்கச்சி." இரண்டு சமயங்களும் ஒரு பக்கம் நின்றன. நான் மண்வெட்டியைக் கழுவினேன்.

மாலைச் செபத்துக்கு முன்பே தலவில போய்ச் சேர்ந்துவிட்டோம். மைத்துனரின் வாடிக்குப் பக்கத்திலேயே வானை நிறுத்திவிட்டு நான் முன்சீட்டிலேயே இருந்தேன்; மனைவி பலகைக் கட்டிலில் பாயை விரித்துத் தலையணையைத் தட்டி வைத்தாள். அந்த நேரம் பார்த்து, வளவில் நின்ற வாகனங்களுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வெள்ளை அங்கிச் சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எழும்புங்க" என்றாள் மனைவி. "சீட்டைத் தூக்கி எஞ்சினைக் காட்டுங்க."

"முழங்கால் பிடிச்சிட்டு, எழும்பேலாது" என்றேன்.

சாமியார் பார்த்தார். மைத்துனர் பார்த்தார். சம்பந்திகள் வாடியை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். நான் அசையவில்லை. முழங்காலுக்கென்று சாமியார் தாராளமாகவே தெளித்தார். முழுவதும் தலையில் விழுந்தது. கழுத்து வழியாக அது சீட்டுக்கு இறங்குவதற்குள் துடைத்துவிட வேண்டுமென்று அவசரமாகக் காற்சட்டைப் பைக்குள் லேஞ்சியைத் தேடினேன்.

அது மாம்புரியில், தென்னைக்கு அடியில் இருந்தது.