தேத்தண்ணி முடியும் வரை சாவியைத் தொடாத தவம் அண்ணை

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரஞ்சி அக்கா. “வசந்தி, இனி அவருக்கு இளைக்காது” என்றார். கூர் நகரில் உள்ள முதியோர் இல்லத்தின் சமையலறையில், அவருடைய கணவர் தவம் அண்ணை இத்தனை வருடம் என்னோடு நின்று சமைத்த அதே அடுப்பின் முன்னால் நின்று அதைக் கேட்டேன். அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. போன குளிர்காலம் முழுவதும் மூச்சிளைத்து ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விளங்காதவர்கள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அவருடைய சமையலை உங்களில் சிலர் மறந்திருக்கலாம். படகை மறந்திருக்க மாட்டீர்கள். வாலன் ஏரியில் கட்டிக்கிடக்கும் பழைய படகு. நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் பெற்றோல் எஞ்சின், அதன் தலையில் ஒரு காபரேட்டர். இந்தக் காலத்து எஞ்சின்கள் சாவியைத் திருப்பியதும் எழும்பும். இது குளிரில் கிடந்தால் மாப்பிள்ளை வீட்டாரைப் போல உபசாரம் எதிர்பார்க்கும். படகு ஓட்டும் பரீட்சைக்குத் தனியே போகக் கூச்சப்பட்டு அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் முதல் தடவையே சித்தியடைந்தேன். அவர் இரண்டாம் தடவை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் எனக்கென்று எடுத்துவைத்த பருப்புக்கறியில் தினமும் உப்புக் கூடியிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் அவர் போட்ட உடன்பாடு: “நீர் ஓட்டும். ஸ்ராட் பண்ணுறது நான்.”

படகை முதன்முதலாக எடுத்த நாளில், புதுக் கார் வாங்கினால் நாங்கள் செய்வதைத்தான் ரஞ்சி அக்கா செய்தார். எலுமிச்சம்பழம், தேங்காய், பித்தளைத் தட்டில் கற்பூரம். தட்டை எஞ்சின் பெட்டியின் மேலேயே வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். அண்ணை மூக்கைச் சுளித்தார். அடுத்த கணம் தட்டும் தீப்பெட்டியும் ஏரிக்குள் போயின. பெட்டியைத் திறந்து பார்த்தால், அடியில் ஒரு குழாய் இணைப்பில் பெற்றோல் கசிந்துகொண்டிருந்தது. ஒரு குச்சி உரசியிருந்தால் இந்த அஞ்சலியை எனக்கு வேறு யாராவது எழுதியிருப்பார்கள். “சாமிக்குக் கரையிலே இடம், பெற்றோலுக்குப் போட்டிலே இடம்” என்றார் அண்ணை. அன்றிலிருந்து கற்பூரம் துறையின் மறுமுனையில்தான் எரிந்தது.

எஞ்சினை எழுப்ப அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். பிறகு, அடியில் தங்கும் பெற்றோல் ஆவியை வெளியே இழுக்கும் மின்விசிறியைப் போடுவார். அது ஓடும் நேரத்துக்குக் கணக்கு ஒரு கோப்பைத் தேநீர். குடுவையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றி, பச்சை நிற பிளாஸ்டிக் கோப்பையை என்னிடம்தான் நீட்டுவார். “அவசரக்காரர் குடிச்சு முடிச்சாத்தான் சாவி.” நான் ஊதி ஊதிக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். அதன் பின்னர் காற்றை அடைக்கும் சோக்கை இழுத்து, பெற்றோல் இறங்க வேகப்பிடியை இரண்டு தரம் முன்னுக்குத் தள்ளி எடுத்துச் சாவியைத் திருப்புவார். எழும்பாவிட்டால் கையை எடுத்துவிடுவார். “கேக்கலாம், கெஞ்சக் கூடாது. கெஞ்சினா பெற்றோலை மூக்கு முட்டக் குடிச்சிட்டுப் படுத்திடும்.”

தன்னுடைய சாம்பலை அந்தப் படகில்தான் கொண்டுபோக வேண்டும் என்று கடைசி வாரத்தில் சொல்லியிருந்தார். “வேற ஆக்களின்ரை போட்டிலே ஏத்திப்போடாதேங்கோ.” முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று வீட்டில் கிரியை முடிந்ததும் அக்காவும் மகள் மீராவும் நானும் வாலன் ஏரிக்கு வந்தோம். மலையில் இன்னும் பனி இருந்தது. படகைத் துறைக்காரர்கள் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார்களே தவிர, இலையுதிர் காலத்துக்குப் பிறகு அந்த எஞ்சினை யாரும் தொட்டதில்லை. மீரா துறை முனையில் கற்பூரம் கொளுத்தி, அது அணைந்த பிறகு கலசத்தோடு ஏறினாள்.

மோந்து பார்த்தேன், விசிறியைப் போட்டேன், சோக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல். மறுபடியும் முனகல். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அந்த மனிதர் கேட்டது இது ஒன்றைத்தான். இதையும் செய்ய முடியாதா? வேகப்பிடியைத் தள்ளினேன், இழுத்தேன், தள்ளினேன். பெற்றோல் நாற்றம் குப்பென்று ஏறியது. “பக்கத்துப் போட்காரரைக் கேப்பமோ அம்மா?” என்று மீரா மெல்லக் கேட்டாள்.

“விடும் வசந்தி” என்றார் ரஞ்சி அக்கா. “கெஞ்சிறீர். விசிறியைத் திரும்பப் போடும்.” பையைத் திறந்து குடுவையை எடுத்தார். பச்சைக் கோப்பையும் இருந்தது. “தேத்தண்ணி முடியட்டும்.”

குடித்தேன். கண்ணீர் வந்தது அழுகையாலா சூட்டாலா என்று தெரியவில்லை. கோப்பை காலியானதும் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கச் சொன்னார். நாற்றம் போயிருந்தது. “இனிச் சோக்கு வேண்டாம், உள்ளே தள்ளிவிடும். பிடியை முழுக்க முன்னுக்குத் தள்ளிப்போட்டுத் திருப்பும். எஞ்சின் பிடிச்ச உடனே பிடியைக் குறையும்.”

திருப்பினேன். இருமியது, தும்மியது, கறுப்புப் புகை கக்கியது. பிறகு ஓடத் தொடங்கியது. பிடியைக் குறைத்தேன். பின்னால் குழாயிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொட்டியது. மீரா கை தட்டினாள். அவ்வளவு ஆறுதலை நான் என் பிள்ளைப்பேற்றிலும் அனுபவித்ததில்லை.

“அக்கா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் எப்பவும் பயத்திலே கண்ணை மூடிக்கொண்டெல்லே இருப்பியள்?”

“கண்ணைத்தானே மூடினன். காது திறந்துதானே கிடந்தது.”

நடு ஏரியில் தாயும் மகளும் சாம்பலைத் தண்ணீரில் விட்டார்கள். எஞ்சினை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், ஓடட்டும். அவர் கேக்கட்டும்” என்றார் அக்கா. நிறுத்தினால் திரும்ப எழும்புமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

படகை என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அன்று துறைக்குத் திரும்பிக் கயிறு கட்டி முடிந்ததும் அக்கா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

“வாற ஞாயிற்றுக்கிழமை உமக்கு வேலையோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப வாரும். நீர் ஓட்டும். ஸ்ராட் பண்ணுறது நான்.”

தவம் அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தப் பச்சைக் கோப்பை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுபோகிறேன். இன்னமும் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறேன். ரஞ்சி அக்கா சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.