எங்கள் வீட்டு வியாழன்

ஆறாம் ஆண்டு விஞ்ஞானக் கண்காட்சியில் எனக்குக் கிடைத்த கிரகம் வியாழன். சனி கிடைத்தவளுக்கு வளையம் இருந்தது. செவ்வாய்க்காரிக்குச் சிவப்புச் சாயம் போதும். என்னிடம் ஆசிரியை ஒரு விளக்கத்தைத்தான் தந்தார். வியாழனின் சந்திரன் ஒன்றில் எரிமலைகள் ஓயாமல் கக்குகின்றன. அந்தத் துகள்களை வியாழனின் காந்தப்புலம் துருவங்களுக்கு இழுத்துவந்து மேல்வளிமண்டலத்தில் மோதவிடுகிறது. அங்கே வளி சூடேறி, அணையாமல் ஒளிர்கிறது. ஆனால் அந்த ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதாம். தெரியாத ஒன்றை மேசையில் எப்படி வைப்பது?

பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, பட்டை பட்டையாக வர்ணம் பூசிப் பந்து செய்தேன். வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு எதுவும் லேசில் காயாது. எனவே முதுகு புடைத்த எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் சூட்டில் காயட்டும் என்று மேலே வைத்தேன். செய்தி வாசித்துக்கொண்டிருந்தவரின் நெற்றி பச்சையாகி, ஊதாவாகியது. காந்தம், துகள், ஒளி! மெய்சிலிர்த்துப்போய்ப் பந்தைத் திரை முழுவதும் தேய்த்துப் பார்த்தேன். எடுத்த பிறகும் நிறங்கள் போகவில்லை. பயந்து பெட்டியை நிறுத்திவிட்டேன்.

அன்று பின்னேரம்தான் வங்கியில் வேலை செய்த என் சித்திக்குக் கனடா மாப்பிள்ளை பேச, அவரின் பெரியம்மா வந்தார். கையில் ஒரு வீடியோ சிடி.

"தம்பி நல்ல வெள்ளை. நீங்களே பாருங்கோ," என்றார்.

அப்பா பெட்டியைப் போட்டார். பச்சை முகத்தோடு ஒருவர் கேக் வெட்டினார்.

"அங்கத்தைக் குளிர் அப்பிடி," என்றார் அப்பா, மரியாதை குறையாமல்.

ஒரு மனிதரின் நிறத்தைக் கெடுத்த பழி குளிர்மேல் விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பந்தோடு எழுந்து நின்றேன். "குளிர் இல்லை அன்ரி, காந்தப்புலம்!" என்று திரைக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் மூக்கு கத்தரிக்காய் நிறமாகியது. கதவடியில் நின்ற சித்தி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். பெரியம்மா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

அம்மா எனக்கு இரண்டு அடி போட்டு, பந்தைச் சித்தியிடம் கொடுத்தார். கண்காட்சி வரை அது சித்தியின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. அதைப் பூட்டிய திறப்பு சித்தியின் கைப்பையில்.

மறுநாள் தொலைக்காட்சி திருத்துபவர் வந்தார். வளையம் போன்ற கம்பிச் சுருளை மின்சாரத்தில் மாட்டி, ஆலத்தி எடுப்பதுபோலத் திரைக்கு முன் சுற்றினார். நிறங்கள் கழுவினதுபோல் மறைந்தன. நான் வியாழனைப் பற்றி முழுவதும் சொன்னேன். அதுவரை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

"அப்ப வியாழனிலை பழுது வந்தா ஆர் போய்த் திருத்துறது, தங்கச்சி?"

"ஏன், நீங்கள் போகமாட்டீங்களோ?" என்றாள் சித்தி. விருந்தினருக்குக்கூடத் தேத்தண்ணி ஊற்றாதவள், கோப்பையோடு நின்றாள்.

"கூப்பிட்டா எங்கையும் போவன்."

அடுத்த வெள்ளிக்கிழமை திரை மறுபடியும் பச்சையாகியது. முதல் அடி எனக்குத்தான். முருகன்மேல் சத்தியம் செய்து அழுதேன். திருத்துபவர் வந்து சுற்றிவிட்டுப் போனார். அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை. அப்பா சந்தியிலிருந்த ட்ரான்ஸ்போமரைச் சந்தேகித்தார். அம்மா கண்ணூறு என்றார். சித்தி புதுச் சட்டை போட்டிருந்தாள்.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பினேன். கண்காட்சியில் வியாழனுக்குப் பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில் அட்டை வைத்தேன்: "வியாழனின் காந்தப்புலம் மிக வலியது. பூட்டிய அலுமாரிக்குள் இருந்தும் வேலை செய்யும். வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாக."